ஒச்சாயி வீட்டுக் கிப்ட்

மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று, கிளம்பும்போதே மகன் அருள்பாண்டியிடம் சொல்லித்தான் கூட்டி வந்தார் உக்கிரபாண்டி. பேச்சு முடியுமுன் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் எந்த வாயால் முடியாது என்று சொல்வது?

திருநகரில் மாடி வீடு. அடுப்படியிலிருந்து கறிக்குழம்பு வாசனை ஆளை இழுத்தது. இழுக்கட்டும். வாசனை காட்டி ஆளை மடக்குவது எல்லா வீட்டிலும் உள்ள வேலைதான்.

மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்குச் சுவீடனில் வேலை. பேத்தி, அருள்பாண்டியின் மகள் அஸ்வினிக்கு அவனை ஏற்கெனவே பிடித்துப் போயிருந்தது. அதனாலேயே கிழவருக்குச் சந்தேகம் இரட்டிப்பு. பிடித்துப் போனவர்கள் எதையும் விசாரிக்க மாட்டார்கள்.

பேச்சு ஒரே இடத்தில் முட்டி நின்றது. பரிசம். மாப்பிள்ளை வீட்டார் ஊரறியத் தாம்பாளத்தில் பணம் வைத்து வந்து போட வேண்டும். எவ்வளவு என்பது கிழவருக்கு ஒரு பொருட்டில்லை. போட்டாக வேண்டும், அவ்வளவுதான். பையனின் அம்மா ஒச்சாயி அசையவில்லை. புருஷன் போன பிறகு ஜவுளிக்கடை வைத்து மகனை ஆளாக்கியவள். அசைய மாட்டாள்.

"அதெல்லாம் வேணாம் பெரியப்பா. எங்கேஜ்மென்ட்ல மோதிரம் மாத்திக்கிறட்டும். பொண்ணுக்கு நாங்க நல்ல கிப்ட்டாக் குடுக்குறோம்."

"பரிசம் போடாமப் பொண்ணக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்னம்பாய்ங்க? ஓடிப்போனவம்பாய்ங்க."

அந்த நேரம் பின்னால் மொறுமொறுவென்று சத்தம். உக்கிரபாண்டி திரும்பினார். பொண்ணுக்கென்று ஒச்சாயி கொண்டுவந்து வைத்திருந்த, சிவப்பு நாடா கட்டிய பெட்டி பிரிந்து கிடந்தது. அருள்பாண்டியின் கன்னம் உப்பியிருந்தது.

"அடேய்!"

"சுகர் எறங்கிருச்சுப்பா. கையெல்லாம் நடுங்குது. ஒரே ஒரு சாக்லேட்டு..."

ஒச்சாயி துள்ளி எழுந்தாள். "அண்ணே கை நனைச்சுட்டாக! சம்பந்தம் முடிஞ்சு போச்சு. எலையப் போடுறேன்!"

"காஞ்ச பண்டம் எப்படித்தா கைய நனைக்கும்? நீ கடையில துணி அளக்குற லட்சணமும் இதானா?" என்றார் கிழவர்.

"எச்சி பட்டுச்சுல்ல?"

"அது சாப்பாடே இல்ல. கிப்ட்டுன்னு நீதான தூக்கியாந்து வச்ச!"

சூரியபிரகாஷ் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் திறந்தான். "தாத்தா, நான் இருக்கிற ஊர்ல ஒரு டப்பா மேல கிப்ட்னு எழுதியிருந்தா உள்ள இருக்கிறது விஷம்."

அருள்பாண்டியின் தாடை அப்படியே நின்றது. "தம்பி, இதச் செத்த முன்னாடி சொல்லக்கூடாதா?"

"நல்ல காரியம் பேசுற எடத்துல என்ன பேச்சுடா இது!" என்று ஒச்சாயி மகன் தோளில் ஒன்று வைத்தாள்.

அவன் அடங்குகிற ஆளாக இல்லை. கண்ணெல்லாம் மின்னியது. "நெசம்மா. இங்கிலீஷ்காரனுக்கு அது பரிசு. ஜெர்மன்காரனுக்கு விஷம். சுவீடன்காரனுக்கு விஷமும் அதான், கல்யாணம் ஆனவன்ங்கிறதும் அதான். யிஃப்ட்டுன்னு சொல்லுவாங்க, எழுத்து அதே எழுத்து."

"ஒரு சொல்லுக்கு இம்புட்டு அர்த்தமா? ஏமாத்துறவனுக்கு ரொம்ப வசதி" என்றார் கிழவர். "நீ அங்க எந்த யிஃப்ட்டு? உள்ளதச் சொல்லு."

"இன்னும் ஆகல தாத்தா. நீங்க சாப்பிட்டாத்தான் ஆவேன்."

"சரி, ஏன் அப்படி வச்சான்?"

"எல்லாத்துக்கும் வேரு ஒண்ணுதான். குடுக்குறது. பொண்ணக் குடுத்தா கல்யாணம். மருந்து குடுத்தான், அந்தப் பேரே பின்னாடி விஷத்துக்கு ஆயிருச்சு. ஆயிரம் வருசத்துக்கு முந்தி இங்கிலீஷ்லயே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணுக்காகக் குடுக்குற பணம்."

உக்கிரபாண்டி தொடையில் ஓங்கித் தட்டினார். "பரிசம்! கேட்டியா தாயி! வெள்ளக்காரனே பரிசம் போட்டுத்தான்டா பொண்ணெடுத்திருக்கான்! நீ குடுக்குறேன்ன கிப்ட்டே பரிசந்தான்!"

ஒச்சாயி சிரிக்கவில்லை.

"விசம்னு சொன்னவனுந்தான் சரியாச் சொல்லியிருக்கான் பெரியப்பா. எங்கம்மாவுக்கு எங்கப்பா பரிசம் போட்டாரு. சோத்துல கல்லு கெடந்தாலும் சரி, மாடு கட்ட அவுத்துக்கிட்டாலும் சரி, 'காசு குடுத்து வாங்குனவதான நீ'ம்பாரு. சாகுற வரைக்கும் அதக் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு எங்காத்தா. எம்மகன் வாயில அந்தப் பேச்சு வரக்கூடாது. அதான் வேணாங்குறேன்."



உக்கிரபாண்டி ஒச்சாயியையே பார்த்தார். பொய் சொல்லுகிறவள் முகம் இப்படி இருக்காது. பரிசத்தைக் காட்டிப் பெண்டாட்டியை ஏசுகிறவனை ஊரில் அவர் கேட்டதில்லையா? நிறையக் கேட்டிருக்கிறார். கொடுக்கிறவனையும் நம்பக்கூடாது. வாங்குகிறவனையும் நம்பக்கூடாது. அப்படியானால் யார் கையில்தான் கொடுப்பது?

சட்டென்று நிமிர்ந்தார். "ஏப்பா அருளு, போனப் போடு அஸ்வினிக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு."

மறுமுனையில் அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். "தாத்தா, சாப்பிட்டீங்களா?"

"இல்ல. பரிசம் ஊரறியப் போடுறாக. ஆனா எங்கையிலயும் இல்ல, ஒங்கப்பன் கையிலயும் இல்ல. ஒங்கையில. ஒனக்கே ஒனக்கு. இவிங்க யாரையும் நான் நம்பல. நீ என்ன சொல்லுற?"

"எங்கையிலன்னா சரி. ஆனா அதச் சொல்லிக் காட்டி என்னைய யாராவது ஒரு வார்த்தை பேசுனா, அன்னைக்கே தூக்கி மூஞ்சில எறிவேன். அவர்ட்டயும் சொல்லிருங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் சூரியபிரகாஷ், பம்மிய குரலில்.

ஒச்சாயிக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இப்படிப் பேசுறவளுக்கு எம்புட்டு வேணும்னாலும் போடுவேன் பெரியப்பா. எங்காத்தா இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தா..." முடிக்காமல் அடுப்படிக்கு ஓடினாள்.

இலை விழுந்தது. உக்கிரபாண்டி கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லார் கண்ணும் அவர் வாயிலேயே இருந்தது. முதல் கவளத்தை மென்று விழுங்கினார்.

"கொழம்புல உப்புக் கம்மி தாயி."

"இருக்காதே பெரியப்பா!"

"கம்மின்னா கம்மிதான். சம்பந்தி வீட்டுல எதுக்குப் பொய் சொல்லணும்? இன்னொரு கரண்டி ஊத்து."

அருள்பாண்டி அதற்குள் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தான்.