ஆள் உட்கார்ந்த மூட்டை

எங்கள் வேலையில் ஒரே சட்டம்தான். ஆள் மேலே உட்கார்ந்திருந்தால் அது உடைமை, ஆள் இல்லாவிட்டால் குப்பை. அலுவலகங்கள் திறப்பதற்குள், நடைபாதையில் படுப்பவர்களின் சாமான் கிடந்தால் அள்ளிவிட்டுக் கழுவ வேண்டும். எட்டு வருடமாகச் செய்கிறேன். ஆரம்பத்தில் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. இப்போது நன்றாகவே இறங்குகிறது, தொப்பை வேறு போட்டுவிட்டது.

அன்று லாரி வரத் தாமதம். எங்கள் ஆரஞ்சு அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் அதில்தான் வரும். அதுவரை நானும் சட்டை போட்ட பெரிய மனிதன்தான். வங்கி வாசலில் நின்றிருந்தேன். அங்கே போர்வையில் கட்டிய மூட்டையோடும் இடுப்பில் குழந்தையோடும் ஒரு பெண் தவித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் இது மேல உக்காருறீங்களா? குப்பை லாரிக்காரங்க அள்ளிட்டுப் போயிடுவாங்க. வழக்கமா உக்கார்ற அக்கா ஆஸ்பத்திரி போயிட்டாங்க. இவளைக் குளிப்பாட்டிட்டு ஓடி வந்துடறேன்."

"மூட்டையையும் தூக்கிட்டுப் போயேம்மா."

"குழாயடி பூரா தண்ணி. மூட்டைக்குள்ள கடுதாசி இருக்கு, எங்களுக்கு விடுதியில ரூம் குடுத்தது. ஆறு மாசம் அலைஞ்சு வாங்கினது, நனைஞ்சா போச்சு. பத்து மணிக்குக் காட்டலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

நானே லாரிக்காரன்தான் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தேன். மூட்டை மெத்தென்றுதான் இருந்தது.

அவள் போய்ச் சற்று நேரத்தில் லாரி வந்தது. மேஸ்திரி இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"என்ன தொரை, சிம்மாசனம் ஏறியாச்சா? இந்தா, மாட்டு." அங்கி என் மடியில் விழுந்தது. "மூட்டை யாருது?"

"ஒரு பொண்ணோடது. இப்ப வந்துடும்."

"இப்ப ஆள் இருக்கா?"

"நான் உக்காந்திருக்கேனே."

"நீ கணக்குல வரமாட்ட. எந்திரி."

எழுந்தேன். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. கடிதத்தையாவது உருவிக்கொள்வோம் என்றுகூட அந்த நேரம் தோன்றவில்லை. மேஸ்திரி சொன்னால் எழுவதும், கிடப்பதைத் தூக்கிப் போடுவதும் கைக்குப் பழகிவிட்டது. நானேதான் தூக்கிப் போட்டேன். லாரியின் பின்புறம் அதை ஒரு நசுக்கு நசுக்கி உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கியும் தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு தரையைக் கழுவ ஆரம்பித்தேன். மனதில் ஒன்றுமே இல்லை. அது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவள் திரும்பியபோது லாரி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. குழந்தைக்குத் தலை படிய வாரிவிட்டிருந்தாள். ஈரத் தரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளத்தான் நின்றேன். அவளோ என் அங்கியைப் பார்த்துத்தான் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இங்க ஒருத்தர் என் மூட்டை மேல உக்காந்திருந்தாரே, பாத்தீங்களா?"

"பாக்கலம்மா."

"நல்ல மனுசன், பாவம். அவரையும் வெரட்டிட்டீங்களா?"