செபமாலையிடம் போய்ச் சேர்ந்த வளையங்கள்

1982ஆம் ஆண்டு வைகாசி மழையில், இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவை பஜாரில், வண்டி பழுது பார்க்கும் அந்தோனிமுத்துவின் கராஜில் தெறித்த இரும்பு வளையம் ஒன்று, ஆற்றையும் ஒரு தேயிலை மலையையும் தாண்டி, தோட்டத்தின் மேல்பிரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவருடைய தங்கச்சி செபமாலையின் கூடைக்குள் போய் விழுந்தது. இடையில் இரண்டு மைல் தூரம் இருக்கும். சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட கணக்கப்பிள்ளை, கூடைக்குள் இரும்பு கிடந்ததற்காக ஒரு கிலோவைக் கழித்தார். இரும்பு எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கழிப்பதற்குக் காரணம் கிடைத்தால் போதும் அவருக்கு.

வளையம் பைஸர் முதலாளியின் காருக்குச் சொந்தமானது. ஜவுளிக்கடை பைஸர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த அந்த ஜப்பான் காரில் டர்போ என்ற சாமான் இருந்தது. வெளியேறும் புகையாலேயே சுற்றி, எஞ்சினுக்குக் கூடுதலாகக் காற்றை ஊதிக் கொடுக்கும் சின்ன விசிறி அது. அது இருந்தால் கார் சுவர் மாதிரியான ஏற்றத்திலும் ஏறும். இல்லாவிட்டால் மாட்டு வண்டியோடு போட்டி போடலாம். எண்ணெய் கசிகிறதென்று அந்தோனிமுத்து டர்போவைக் கழற்றித் துடைத்து மறுபடி மூட்டும்போதுதான் வினை பிடித்தது. மூடியை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையம் அதன் பள்ளத்தில் உட்கார மறுத்தது. குறட்டால் சுருக்கி, ஒரு முனையை முதலில் பதித்து, பித்தளைக் கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தால், கடைசி முனை பதியும் நேரத்தில் விண்ணென்று தெறித்துவிடும். அதன்பிறகு அதைக் கராஜில் தேடிப் பயனில்லை. மறுநாள் செபமாலை அதை முந்தானையில் முடிந்துகொண்டு மலையிறங்கி வருவாள். ஒரு தடவை கூடையில் கிடந்தது, ஒரு தடவை கஞ்சிச் சட்டியில் கிடந்தது, ஒரு தடவை கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டியபோது உள்ளங்கையில் விழுந்தது.

வேறு காலமாக இருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அது, இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு ஒரே அடுப்பில் கஞ்சி குடித்தவர்களை இரண்டு நாட்டுக்குப் பங்கு வைத்த காலம். அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. தங்கச்சிக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று புலம்பாத லயத்து வீடு அப்போது இல்லை. செபமாலையின் புருஷன் செத்து வெகுகாலம். ஒரே மகள் ரெஜினா இந்தியாவில் கோத்தகிரிக்குப் போய் அங்கே தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். சனிக்கிழமை ஹட்டனில் தலைமன்னார் போகும் ரயில் கோச்சியைப் பிடித்தால்தான் கப்பல் கிடைக்கும். தவறினால் பாஸ்போர்ட்டின் கெடு முடிந்துவிடும். அப்புறம் எப்போது என்று எந்தக் கந்தோர் அதிகாரியும் சொல்லவில்லை. அந்த வாரம் பார்த்து ஹட்டன் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மிச்சமிருந்தது மேல் தோட்டத்துச் செங்குத்துப் பாதை. ஆளையும் டிரங்குப் பெட்டியையும் வைத்துக்கொண்டு அதில் ஏறக்கூடியது பைஸரின் கார் ஒன்றுதான், அதுவும் டர்போ வேலை செய்தால்.

அந்தோனிமுத்து வேண்டுமென்றே செய்கிறார் என்று பஜார் பேசியது. அது அபாண்டம். அவருக்குத் தங்கச்சியை அனுப்ப மனமில்லை என்பது உண்மை. தாயில்லாத வீட்டில் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். ஆனாலும் எடுத்த வேலையைக் கெடுக்கத் தெரியாதவர். வளையத்தின் சாய்ந்த முகம் வெளியே பார்க்க வேண்டும் என்பதை நூறு வண்டியில் செய்து பார்த்தவர் அவர்; இந்த ஒன்றில் மட்டும் பார்த்துப் பார்த்து வைத்தும், கையை எடுத்தால் அது உட்பக்கம் திரும்பியிருந்தது. பைஸர் தன் பங்குக்குக் கடைவாசலில் கையேந்தி நின்று துஆ கேட்டார். பங்குச் சாமியார் கராஜில் தீர்த்தம் தெளித்தார். வளையம் இரண்டுக்கும் மரியாதை கொடுத்துவிட்டு மறுபடி தெறித்தது.

வெள்ளிக்கிழமை செபமாலை வளையத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, இந்த முறை திரும்பிப் போகவில்லை. பெட்ரோல் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, என்னயப் போக விட மாட்டியா?”

“நான் என்னத்தப் புடிச்சி வச்சிருக்கேன்? கை ஒத்துக்க மாட்டேங்குது புள்ள.”

“ரெஜினாவுக்கு அங்க யாரு இருக்கா? புள்ள பெத்தா ஒரு சுடுதண்ணி வச்சிக் குடுக்க ஆளில்ல. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு. நான் கேட்டுட்டுப் போறேன்.”

எந்த வார்த்தை என்று அவருக்குத் தெரியும். ஊரில் யார் எங்கே புறப்பட்டாலும் போயிட்டு வா என்றுதான் வழியனுப்புவார்கள். இந்தியா போகிறவர்களிடம் மட்டும் அந்த வருஷங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. திரும்பி வர முடியாதவர்களிடம் அதைச் சொல்வது பொய்யென்று எல்லோரும் கூச்சப்பட்டு, நல்லா இருங்க என்று முடித்துக்கொண்டார்கள். அந்தோனிமுத்து அதைக்கூடச் சொல்லாமல் வாயைக் கட்டி வைத்திருந்தார். இப்போது வளையத்தைக் குறட்டில் எடுத்தார். ஒரு முனையைச் செபமாலை கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டாள். அவர் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். கடைசி முனைக்கு வந்ததும் நின்றார். கண்ணீர் மூக்கில் வழிந்து டர்போவின் மேல் சொட்டியது.

“போயிட்டு வா தங்கச்சி,” என்றார்.

டிக்கென்று வளையம் உட்கார்ந்தது. மறுநாள் கார் அந்த ஏற்றத்தில் ஒரு மூச்சில் ஏறியது. ஹட்டன் ஸ்டேஷனில் மற்றவர்கள் மாரடித்து அழுதார்கள். இவர்கள் இரண்டு பேரும் அழவில்லை. கராஜிலேயே அழுது முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் கையிலிருந்து தெறித்த எந்த வளையமும் பொகவந்தலாவையில் விழுந்ததில்லை. கார் வளையம், லொறி வளையம், பைஸரின் தையல் மெஷின் வளையம் எல்லாம் கடல் தாண்டிக் கோத்தகிரிக்குப் போயின. செபமாலை அவற்றைக் கயிற்றில் கோத்துப் பேத்தியின் தொட்டிலுக்கு மேலே கட்டியிருப்பதாக எழுதினாள். எண்பத்து நான்கில் கப்பல் நின்றது. கடிதங்களும் குறைந்தன. வளையங்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தோனிமுத்து, பைஸர் காருக்கென வாங்கி வைத்ததில் நல்லதொரு புது வளையமாகப் பார்த்துக் குறட்டைத் தளர விடுவார். பைஸர் அதன் விலையைக் கேட்டதில்லை. “தங்கச்சிக்குத் தானே, உடுங்க,” என்பார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில், லொறி ஒன்றின் டர்போவை மூட்டும்போது வளையம் தெறித்தது. தகரக் கூரையில் பட்டு, பெஞ்சில் பட்டு, சீமெந்துத் தரையில் விழுந்து, சுழன்று, அடங்கியது.

பக்கத்தில் நின்ற பைஸர் அதைக் குனிந்து எடுத்தார். அந்தோனிமுத்து அதை வாங்கித் துடைத்து, பள்ளத்தில் வைத்தார். முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. கராஜைப் பூட்டி, கை எண்ணெயைக் கழுவி, தலைமுழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய், செத்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசையைத் தங்கச்சிக்கு வைக்க வேண்டும் என்று சாமியாரிடம் சொன்னார்.

“தந்தி வந்துச்சா?” என்று சாமியார் கேட்டார்.

“தந்தி பொறகு வரும் சாமி. வளையம் கீழ விழுந்திருச்சு.”

சாமியார் தலையசைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றார் அந்தோனிமுத்து.