மூன்றாம் மாடியிலிருந்து ஸ்டார்ட்

கட்டடத்தில் எல்லோரும் அவரை இன்னமும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆகப் போகிறது. டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரோடு கீழே சாய்ந்தார். கை காலெல்லாம் இழுத்துக்கொண்டது. வலிப்பு. நல்ல வேளை, பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் வந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதில் என்ன நல்ல வேளை என்று அவருக்கு மட்டும் புரியவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் வலிப்பே வராமல் இருந்தால் சொந்தக் காரையாவது ஓட்டலாமா என்று பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் டிரைவர் வேளை தவறாமல் மாத்திரை விழுங்கிவந்தார்.

வீட்டுக் காரை இப்போது அவர் மனைவி ஓட்டினாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. தலை நரைக்க ஆரம்பித்த வயதில் கற்றுக்கொண்டவள் என்பதால், இருந்த காரை விற்றுவிட்டு, கியர் போடத் தேவையில்லாத பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். "கியர் இல்லாத வண்டியும் ஒரு வண்டியா" என்று டிரைவர் முனகுவார். ஆனால் அவள் கிளம்பும்போது ஜன்னலில் நின்று, வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி நிற்பது வெட்டவெளியில். காலை எட்டு மணிக்கே வெயில் அதை அடுப்பாக்கிவிடும். அவள் சீட்டில் துண்டை விரித்து, ஸ்டியரிங்கை நுனி விரலால் பிடித்துக்கொண்டு போவாள். அதைப் பார்த்துத்தான் டிரைவருக்கு அந்த யோசனை வந்தது. ரிமோட்டை அழுத்தினால் மாடியிலிருந்தே வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏசி ஓடும், கூடவே திருட்டு அலாரமும் உண்டு என்று விளம்பரம் செய்த ஒரு பெட்டியை வரவழைத்தார். கடையில் கொடுத்து மாட்டலாமே என்றாள் அவள். என் கைக்கு என்ன கேடு என்று கேட்டுவிட்டார்.

இரண்டே நாளில் டாஷ்போர்டு, குடலைப் பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. டெஸ்ட் லேம்பை வைத்து எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, முறுக்கி, டேப் சுற்றினார். மல்லாந்து படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தால் உடம்புக்கு ஏதோ பழைய தெம்பு வந்தது. எல்லாம் முடித்துப் பட்டனை அழுத்தினால் வண்டி மூச்சுக் காட்டவில்லை. முன் விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. சிமிட்டல் ஒவ்வொன்றும் ஒரு புகார் என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. தேடிப் பார்த்ததில், பானட் திறந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பானட்டுக்கு அடியில் அவர் பொருத்திய சின்ன ஸ்விட்ச் சரியாக அழுந்தவில்லை. அதைச் சற்று உயர்த்தி வைத்தார்.

அடுத்த தடவை இன்ஜின் உறுமியது. டிரைவர் சிரிப்பதற்குள் அணைந்தும் போனது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே கதைதான். ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பிடிபட்டது. சாவிக்குள்ளே ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அது பக்கத்தில் இல்லாவிட்டால் வண்டி யாரையும் நம்பாது. அப்படியானால் ஒரு சாவியை டாஷ்போர்டுக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துக் கட்டிவிட வேண்டும். அவளிடம் ஒன்று இருந்தது. இன்னொன்று அவருடையது, இந்த வருடம் முழுக்க யாரும் தொடாமல் ஆணியில் தொங்கியது.

"அது உங்க சாவிங்க," என்றாள் அவள்.

"லைசென்ஸ் வரட்டும், புதுசா ஒண்ணு வெட்டிக்கலாம்."

சாவியைப் பெட்டிக்குள் வைத்து, வயரோடு சேர்த்துக் கட்டி, டாஷ்போர்டை மூடினார்.

மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, டிரைவர் ஜன்னலில் நின்று பட்டனை அழுத்தினார். மூன்று மாடிக்குக் கீழே வண்டி ஒரு செருமலோடு உயிர் பெற்று ஓடத் தொடங்கியது. அவள் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, ஜில்லென்ற காற்றில் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த வாரம் முழுவதும் அது நடந்தது. டிரைவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது என்று அவளே அக்காளிடம் போனில் சொன்னாள்.

கெட்டது அலாரத்தால். லாரி போனால் அலறியது, பூனை குதித்தால் அலறியது. கீழ்வீட்டு டெய்லர், இவர்கள் வண்டியைத் திருட ஆள் வந்தால் தானே சாவி கொடுத்து அனுப்புவேன் என்று படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அதிர்வை உணரும் கருவியில் ஒரு திருகு இருந்தது. அதை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதுதான் பிரச்சினை. அதிகம் தளர்த்தினால் சுத்தியலால் தட்டினாலும் சத்தம் வராது.

அவளுக்கு லீவு நாள். டிரைவர் வண்டிக்குள் உட்கார்ந்து, கதவை மூடி, அலாரத்தைப் போட்டுவிட்டு, டாஷ்போர்டைக் கையால் தட்டுவதும் திருகைத் திருப்புவதுமாக இருந்தார். அவ்வளவுதான் அவருக்கு நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது, நாக்கில் ரத்தமும் மடியில் கண்ணாடித் தூளும். உடைந்த ஜன்னல் வழியாக டெய்லரின் முகம் தெரிந்தது. கையில் இஸ்திரிப் பெட்டி. சுற்றிலும் கூட்டம். வலிப்பில் அவர் கால்கள் கதவில் இடித்து இடித்து அலாரம் ஊரைக் கூட்டியிருக்கிறது. இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று சண்டைக்கு வந்த டெய்லர், உள்ளே பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்திருக்கிறார்.

அவளும் மாடியில் காய் நறுக்கியபடி அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். மனுஷன் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் உடைந்த ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டும்போது இதைச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் போனார்கள். வழியெல்லாம் பிளாஸ்டிக் தாள் படபடத்தது. டிரைவர் மெல்ல ஆரம்பித்தார். சரியான தூக்கமில்லை, வெயில் வேறு, வெறும் மயக்கமாகக்கூட இருக்கலாமே என்றார். சிக்னலில் நின்றபோது திரும்பிக் கேட்டார்.

"மயக்கம்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு."

"சொல்லிட்டு?"

"லைசென்ஸ் கிடைச்சுடும்."

"கிடைச்சா ஓட்டுவீங்க. கைக்குழந்தையோட ஒருத்தி ரோட்டைத் தாண்டுவா. அப்ப இது வந்தா?"

"இத்தனை வருஷத்துல ஒரு கோழி மேலகூட நான் ஏத்தினது இல்லடி."

"தெரியும்ங்க," என்றாள். "அதனாலதான் சொல்றேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் மாறியிருந்தது.

டாக்டர் முன்னால் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கு கடிபட்டதைச் சொன்னாள். போன மாசம் குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது, இவர் சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். அது அவளுக்குத் தெரியும் என்பது டிரைவருக்குத் தெரியாது. டாக்டர் இந்தத் தடவை 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார். ஓட்டுகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றார். டிரைவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவள் தொட்டபிறகுதான் ஆட்டுவதை நிறுத்தினார்.

மறுநாள் காலை ரிமோட் வைத்த இடத்தில் இல்லை. கேட்டதற்கு, தன் பையில் இருக்கிறது என்றாள்.

"ஸ்டார்ட் பண்றதுக்குமா லைசென்ஸ் வேணும்?" என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "நான் இல்லாதப்ப ஸ்டார்ட் பண்ணி உள்ள போய் உட்கார்ந்துக்கறீங்களாம். டெய்லர் சொன்னாரு."

டெய்லர் சொன்னது பொய்யில்லை. அலாரத்துக்குப் பயந்து வண்டியை விட்டுவிட்டு அவள் பஸ்ஸில் போன இரண்டு நாளும் அப்படி உட்கார்ந்திருக்கிறார். ஓட்டவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தார். காலைப் பிரேக்கில் வைத்திருந்தாரா இல்லையா என்று இப்போது அவருக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து, கார்க் கதவு மூடும் சத்தம். டிரைவர் புது மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் படுத்தார். அது ஆளை அடித்துப் போட்டது. சாயங்காலம் அவள் வந்து விளக்கைப் போட்டபோதும் அவர் கண்ணைத் திறந்து பார்த்தாரே தவிர எழுந்திருக்கவில்லை.