முன் வலது சக்கரம்

சென்சார் அசைய மாட்டேன் என்றது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைப் பிடித்திருந்த ஒற்றை போல்ட் கழன்று வந்துவிட்டது; பத்து வருடத் துருதான் துளைக்குள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. கழற்றிய சக்கரத்தைப் பாதுகாப்புக்காகக் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு, தங்கை வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டார்ச்சுடன் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"இத்துனூண்டு சாமானாலயா மச்சான் இவ்வளவும்?"

"சக்கரம் சுத்துற வேகத்த இதுதான் சொல்லுது. இது சொல்லலன்னா அவசர பிரேக்குல சக்கரம் பூட்டிக்கும். வண்டி வழுக்கிட்டுப் போகும்."

கைதேர்ந்த மெக்கானிக்கின் தோரணை என் குரலில் வந்துவிட்டது. எனக்கே கூசியது.

மூன்று வாரத்துக்கு முன், மழையில் ஒரு நாய் குறுக்கே வர, தங்கை பிரேக்கை மிதித்திருக்கிறாள். வண்டி வழுக்கிப் போய் ஒரு மதில் சுவரில் மோதியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. விஷயம் கேட்டதும் நான் போனில் முதலில் சொன்னது, "மழையில அப்படியா பிரேக்க மிதிப்பாங்க?" வலிக்கிறதா என்று அப்புறம்தான் கேட்டேன். "ஆமாண்ணா, பயத்துல ஒரேயடியா மிதிச்சிட்டேன், தப்பு என்மேலதான்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் கேலிதான். வண்டி நல்ல வண்டி, டிரைவர்தான் மோசம் என்று அவள் மகள்கூடச் சொல்கிறாளாம். போன வாரம் மாப்பிள்ளையின் நண்பர் ஸ்கேனரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தபோதுதான் சென்சார் செத்துப்போயிருப்பது தெரிந்தது.

"இது போனா மீட்டர்ல மஞ்சள் விளக்கு எரியணுமாமே மச்சான். நம்ம வண்டியில எரியவே இல்லியே."

"பல்பு போயிருக்கும்" என்றேன், துருவைப் பார்த்துக்கொண்டே.

பல்பு போகவில்லை. எட்டு மாதத்துக்கு முன்வரை இது என் வண்டி. பெற்ற பிள்ளைபோல வைத்திருக்கிறேன், ஒரு குறை சொல்ல முடியாது என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் வண்டியை விலைபேசிப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் பார்த்து அந்த விளக்கு எரிந்தது. "வண்டியில ஒரு சின்னக் கோளாறு இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை. அதற்குப் பதிலாக, கறுப்பு டேப்பைப் பயறு அளவுக்கு வட்டமாக வெட்டி, மீட்டர் கண்ணாடியில் விளக்குக்கு நேராக ஒட்டினேன். கறுப்பின்மேல் கறுப்பு, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அடுத்த வாரம் வந்து சென்சாரை மாற்றிவிட்டு டேப்பையும் உரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வந்தேன். சாப்பிட்டேன். ஊர்க்கதை பேசிவிட்டுப் போனேன்.

இன்றைக்கு எப்படியாவது எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் நானே முதலில் சீட்டில் ஏறி, நகத்தால் ஒரு கிள்ளு. யாருக்கும் தெரியப் போவதில்லை. என் புத்தி அப்போதும் அந்த வழியில்தான் போனது.

தங்கை ஒவ்வொரு தம்ளராக இடது கையில் டீ கொண்டுவந்து வைத்தாள். வலது கையின் வெள்ளை மாவுக்கட்டில் அவள் மகள் நீலப் பேனாவால் ஒரு பூனை வரைந்திருந்தாள். மீசையெல்லாம் இருந்தது, கண் மட்டும் ஒன்றுதான்.

"இன்னொரு கண்ணப் போடறதுக்குள்ள தூங்கிட்டா" என்று சிரித்தாள். பிறகு துணி ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க வேலையப் பாருங்க. நான் வண்டிக்குள்ள துடைச்சு விடறேன், மூணு வாரத் தூசி."

"நான் துடைக்கிறேன். கைய வச்சிக்கிட்டு நீ எதுக்கு?"

"இந்தக் கை சும்மாதானேண்ணா இருக்கு."

கார்க் கதவு திறந்து மூடியது. எண்ணெய் ஊறிய சென்சாரைக் குறட்டால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்ட, ஒருவழியாக வந்தது. துளையை உப்புத்தாளால் தேய்த்தேன். புதியதை உட்காரவைத்து போல்ட்டை முடுக்கி, பழைய ஒயர் போன வழியிலேயே புது ஒயரைக் கிளிப்களில் செருகிக்கொண்டு போனேன். மேலே துணி தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. நான் கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். வெகுநேரம் கழித்து மறுபடி கேட்டது, முன்பைவிட மெதுவாக.

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். தங்கை இறங்கி வாசற்படியில் நின்றாள். "நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்து, மீட்டரைத் துடைப்பதுபோல விரலை ஓட்டினேன். வழவழவென்று கண்ணாடிதான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் லேசாகப் பசை.

சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்குகளும் எரிந்தன, அந்த மஞ்சளும். மூன்று வினாடியில் எல்லாம் அணைந்தன, அந்த மஞ்சளும். சரியாகிவிட்டது.

மாப்பிள்ளை அந்தப் பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எரிஞ்சு அணையுதே. அப்ப பல்பு போகலியா மச்சான்?"

நான் சாவியைத் திருப்பி அணைத்தேன். அதற்குள் தங்கை என் பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்ணா. அன்னிக்கு நான் பிரேக் போட்டது தப்பா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெட்கம் காது மடல்வரை சுட்டது. நான் தலையைக் குனிந்தேன். அங்கே, ஜன்னல் விளிம்பில், அவள் மாவுக்கட்டுக் கையை ஊன்றியிருந்தாள். பூனைக்கு இப்போது இரண்டு கண் இருந்தது. ஒன்று நீல மை. மற்றது பயறு அளவில், கறுப்பாக, ஓரம் லேசாகப் பெயர்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.