மூண்டு பேராய்ப் போகக் கூடாது

ஒன்பது மணிக்கு நகரத்தில் தாரிணிக்கு நேர்முகத் தேர்வு. அவள் எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ‘வாருங்கள், பார்க்கலாம்’ என்று கூப்பிட்டது இந்த ஒரு அலுவலகம்தான். இதுவும் தவறினால், நியூ லின்னில் தெரிந்தவர் மகேசனின் கடையில் பில் போட நிற்க வேண்டியதுதான். சித்தப்பா சோதிலிங்கம் அந்த வேலையை அவளைக் கேட்காமலேயே பேசி வைத்துவிட்டார். பரம்பரையிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதை அவர் கோயிலில் பெருமையாகச் சொல்வார், வீட்டில் குத்திக் காட்டுவார்.

அன்று பார்த்து பஸ் ட்ரைவர்மாரின் வேலைநிறுத்தம். கிளென்ஃபீல்டிலிருந்து போவதற்கு சித்தப்பாவின் புது மின்சாரக் காரை விட்டால் வேறு வழியில்லை. பஸ் ஓடாத நாளில் நகரத்துக்குப் போகும் ஒனேவா ரோட் எப்படி அடைபட்டுக் கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் இடது கரையில் ஒரு லேன் உண்டு. டீ-த்ரீ. காருக்குள் மூன்று பேர் இருந்தால் அதில் வழுக்கிக்கொண்டு போகலாம். அதனால் தாரிணி முதல்நாளே சித்தி ரதிதேவியைக் கேட்டிருந்தாள். சித்தியும் சரி என்று, காலையில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

சித்தப்பா மறித்தார். “நீ எங்கை வெளிக்கிட்டாய்?”

“பிள்ளையோடை. மூண்டு பேர் இருந்தால் அந்த லேனாலை போகலாமாம்.”

“விசரோ உனக்கு? நல்ல காரியத்துக்கு மூண்டு பேராய்ப் போறதோ? போன காரியம் நாசமாய்ப் போயிடும். கழட்டு சப்பாத்தை.”

“அப்ப ரெண்டு பேராய்ப் போய் ட்ரபிக்கிலை நாசமாய்ப் போவமோ?” என்றாள் தாரிணி.

“என்ரை கார் கரண்ட் கார். கரண்ட் காருக்கு அந்த லேன் ஃப்ரீ. அரசாங்கம் தந்த சலுகை.”

“அது மோட்டர்வேயிலை ஏறுற இடத்திலை, பலகையிலை போட்டிருந்தால் மட்டும், சித்தப்பா. ஒனேவா ரோட்டிலை கரண்டிலை ஓடினாலும் மூண்டு பேர் வேணும்.”

“டிகிரி எடுத்தாப்போலை ரோட்டும் உன்ரையோ? ஏறு.”

சித்தி குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். சித்தப்பா மறித்ததைவிட, சித்தி அவ்வளவு சுறுக்காகக் கழற்றியதுதான் தாரிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒனேவா ரோட்டில் சித்தப்பா நேரே அந்த லேனுக்குள் காரை விட்டார். வலது பக்கம் கார்கள் அசையாமல் நிற்க, இவர்கள் பறந்தார்கள்.

“எஞ்சின் சத்தம் கேக்குதோ? கேக்காது. நிக்கட்டும், பெற்றோலோடை சேர்ந்து அவங்களும் எரியட்டும்.”

கொஞ்ச தூரம் முன்னால், புல்லில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவன், லேனில் வரும் கார்களுக்குள் தலைகளை எண்ண, கமராவைப் பூட்டி வைத்துக்கொண்டு நின்றான். சித்தப்பாவும் கண்டுவிட்டார். ஏற்கெனவே சத்தமில்லாத காருக்குள் இப்போது அவருடைய சத்தமும் நின்றது. வலது பக்க சிக்னலைப் போட்டு, பிரேக்கை மிதித்து, வரிசைக்குள் மூக்கை நுழைக்கப் பார்த்தார். ஒருத்தரும் விடவில்லை. பக்கத்துக் காரில் இருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடைவெளியை அடைத்தாள். அடுத்தவன் நடுவிரலைக் காட்டினான். பின்னால் வேன்கள் ஹோர்ன் அடித்தன.

“விடுறானில்லையே, நாய்!”

“ஏன் விடோணும்? களவாய் வந்தது நாங்கள்.”

“வாயை மூடு.”

நேரம் போய்க்கொண்டிருந்தது. கார் நின்றிருந்தது ஒரு பஸ் நிறுத்தத்துக்கு நேராக. அங்கே கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவன் போனில், “பஸ்ஸே வரலடா, லேட்டாகும்னு சொல்லிடு” என்று கத்திக்கொண்டிருந்தான். தாரிணி கண்ணாடியை இறக்கினாள்.

“சிட்டிக்கோ? ஏறுங்கோ.”

“ஆமாங்க! ரொம்ப தேங்க்ஸ்ங்க. என் பேரு மனோஜ்.” கதவு சாத்த முன்னமே பெயரையும் சொல்லிவிட்டான்.

“ஆரைக் கேட்டு ஏத்தினாய்?” என்று சீறினார் சித்தப்பா.

“கமராவைக் கேட்டு. இப்ப மூண்டு பேர். நேரை போங்கோ.”

அவர் நேரே போகவில்லை. அடுத்த சின்னத் தெருவுக்குள் இடதுபக்கம் திருப்பி ஓரங்கட்டினார். “மூண்டு பேராய் நான் ஓட மாட்டன். அந்தத் தம்பியை இறங்கச் சொல்லு.”

“ஏங்க, என்னால ஏதாச்சும் பிரச்சனையா?”

“மூண்டு பேராய்ப் போனால் எனக்கு வேலை கிடைக்காதாம்.”

மனோஜ் சிரித்துவிட்டான். “அட, எங்க வீட்லயும் இதே கூத்துதாங்க. ஒரு கல்லை எடுத்துக் கூட வெச்சுப்பாங்க, நாலாவது ஆளா.”

பகிடிக்குத்தான் சொன்னான். சித்தப்பா கதவைத் திறந்து இறங்கியேவிட்டார். அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு வேலி வேலியாகக் குனிந்து கல் தேடினார். அவர் பார்த்த எந்த வீட்டிலும் கல் இல்லை. பூமரங்களுக்குக் கீழே மரச்சீவலைத்தான் கொட்டி வைத்திருந்தார்கள்.

கார் ஓடுகிற நிலையிலேயே நின்றது. ட்ரைவர் சீட்டுக்குத் தாவி, அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று தாரிணிக்குக் கை பரபரத்தது. ஆனால் அவரை விட்டால் இரண்டு பேர். அந்தச் சனியனும் ஒரு தலை.

“பிள்ளைக்குக் கிடைக்கோணும் எண்டுதானே…” என்று அவர் யாரோ ஒருவருடைய வேலியோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது திறந்த கதவால் கேட்டது. பொய்யில்லை. அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மனுஷன் உண்மையாகவே ஆசைப்பட்டார். அது அவளுடைய கோபத்தை ஆற்றவில்லை, இன்னும் கொதிக்க வைத்தது. கெடுதல் நினைக்கிறவர் என்றால் ஒதுங்கிப் போகலாம். நல்லது நினைத்துக்கொண்டு குறுக்கே படுப்பவரை என்ன செய்வது?

அவள் இறங்கினாள். மூலைவீட்டுத் தபால்பெட்டியைச் சுற்றிக் கருஞ்சிவப்பு எரிமலைக் கற்கள் பதித்திருந்தார்கள். ஒன்றை ஆட்டி, இழுத்து, புல்வேரும் மண்ணுமாகப் பிடுங்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் மனோஜுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள்.

“ஐயோ, சீற்! புதுச் சீற்றடி!”

“நாலு பேர். எடுங்கோ காரை. மனோஜ், அவருக்கு பெல்ட்டைப் போட்டு விடுங்கோ.”

மனோஜ் கல்லை நிமிர்த்தி வைத்து, அதற்கு பெல்ட் போட்டான்.

திரும்ப லேனுக்குள் வந்தபோது கமராக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினான், விட்டுவிட்டான். லேன் வெறுமையாகக் கிடந்தது. நகரத்துக்குப் போகும் துறைமுகப் பாலத்தில் ஏறியதும் சித்தப்பாவுக்கு வாய் திரும்ப வந்தது.

“பாத்தியோ, என்ரை கார் கொண்டுவந்து சேர்க்குது.”

“காரில்லை. ஆக்கள்.”

“அங்கை போய் இப்பிடித் திமிராய்க் கதையாதை. தலையைக் குனிஞ்சு, ஓம் ஓம் எண்டு சொல்லு.”

அலுவலக வாசலில் இறங்கும்போது ஒன்பதுக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. “ஆல் த பெஸ்ட்டுங்க!” என்றான் மனோஜ். தாரிணி தன் கைகளைப் பார்த்தாள். விரலெல்லாம் மண். பையில் டிஷ்யூ இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சித்தப்பா கழுவிக் கழுவி வைத்திருக்கும் வெள்ளைக் கதவில் இரண்டு கைகளையும் நன்றாக அழுத்தி, மேலிருந்து கீழே இழுத்துத் துடைத்தாள்.

“அடியேய்!”

தலையைக் குனியாமல் உள்ளே போனாள்.