குஞ்சு பொரிப்பு விழா

முதல் முட்டையில் விரிசல் விழுந்ததும் முத்தலிபு செய்த முதல் காரியம், சட்டைக்கு இஸ்திரி போட்டது.

கரைத்தீவிலேயே இன்குபேட்டர் வைத்திருக்கும் முதல் ஆள் தான்தான் என்பது அவருடைய கணிப்பு. வாசலில் 'முத்தலிபு சர்வதேசக் குஞ்சு பொரிப்பகம்' என்று பெனர் தொங்கியது. அவர் கத்தாரில் சாரதியாக இருந்தவர். சர்வதேசம் அந்த வழியில் வந்தது. பெட்டிக்குள் இருந்தவையோ அவர் மனைவி நஸ்லாவின் நாட்டுக்கோழி முட்டைகள். அவற்றை வைத்த மறு வாரமே நோய் வந்து அவளுடைய கோழிகள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. சேவலும் போயிற்று. இனி அவளுக்குக் கோழி என்றால் அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

"கடைசி நாளையில மூடியத் தொறக்கப்படாது. ஈரம் போனா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கொள்ளும், வெளங்கிச்சா?" என்று முத்தலிபு அவளுக்கு ஓயாமல் பாடம் எடுத்திருந்தார். அந்த அறையைக் கூட்டுவதற்குக்கூட அவள் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

விழாவுக்குப் பிரதம அதிதி, கடை முதலாளி அஸாம் ஹாஜியார். அவர் வரும்வரை மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர்ச் சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்தார்; மூடி திறந்தது. "கண்ணாடியால போட்டோ சரி வருதில்ல" என்றார் இன்னொருவர்; மறுபடியும் திறந்தது. நஸ்லாவுக்குக் கதவோரத்தில் கால் தரிக்கவில்லை.

"இஞ்ச, மூடுங்களேன். உள்ளுக்குக் கத்துதுகள்."

"மனுசர் வந்தீக்கிற நேரத்துல முகத்துல அடிச்ச மாதிரி மூட ஏலுமா?"

ஹாஜியார் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார். நாடாவை வெட்டினார். மூடியைத் தம் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெண் கல்வி தொடங்கி இறால் பண்ணை வரை பேசினார். நடுவில், "இது என்ன சாதி?" என்று கேட்டார்.

"கோழி லோக்கல்தான் ஹாஜி. முறை கத்தார் முறை."

பொன்னாடை போர்த்த எல்லோரும் வாசல் பந்தலுக்குப் போனார்கள். நஸ்லா குனிந்து பார்த்தாள். முட்டைகளில் விழுந்திருந்த துளைகளைச் சுற்றியிருந்த தோல் கடதாசியாய்க் காய்ந்திருந்தது. ஒரு அலகு அசைந்தது, நின்றது.

தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலைத் தூக்கி வந்து அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். சுடுதண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலந்து, பெட்டியின் அடித்தட்டில் வார்த்து, மூடினாள்.

"நஸ்லா, ஹாஜியாருக்குத் தேத்தண்ணி எங்க?" முத்தலிபு கதவைத் தட்டினார். "நஸ்லா."

கண்ணாடியில் ஆவி படர்ந்து உள்ளே எதுவும் தெரியாமல் போயிற்று. அவள் அதில் காதை வைத்தாள்.

"தட்டாதீங்க," என்றாள். "ஒண்டும் கேக்க ஏலாம ஈக்கிது."

கன்னத்தில் ஈரம் ஒட்ட, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.