செங்குட்டுவன் எண்ணிலிருந்து ஒரு சிரிப்பு

"அப்பா, இதுவும் வாரிசு எழுதி வைக்கிற மாதிரிதான். ரொம்ப நாள் நீங்க போனைத் தொடலைன்னா, உங்க போட்டோ, மெயில் எல்லாம் யார்கிட்டப் போகணும்னு இப்பவே சொல்லி வைக்கலாம். இல்ல, மொத்தமா அழிச்சிடச் சொல்லலாம். என்ன போடட்டும்?"

லீவுக்கு வந்திருந்த பிரவீன்குமார் கேட்டான். சண்முகசுந்தரம் யோசிக்கவே இல்லை.

"அழிச்சிடச் சொல்லுப்பா. செத்த பிறகு எனக்கெதுக்கு?"

பூக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சந்திரகலா நிமிரவில்லை. "உங்களுக்கு எதுக்கு? எனக்கு வேணும். ஆனா ஒண்ணு, உங்க போனை நான் வச்சிருந்தா, குரூப்ல இருந்து என்னையும் தூக்கிருவாங்களா? திலகவதியைத் தூக்கின மாதிரி?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

திலகவதியின் கணவர் செங்குட்டுவன், மைன்ஸில் சண்முகசுந்தரத்தோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். மாரடைப்பில் போய்விட்டார். ஷிப்ட் வாட்ஸப் குரூப்புக்கு சண்முகசுந்தரம்தான் அட்மின். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், தன் செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பார்த்தபோது, அதில் செங்குட்டுவன் பெயரும் இருந்தது. வீட்டில் அவர் மனைவி பார்க்கிறாள் என்று தெரியாதா என்ன? தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை.

'செங்குட்டுவன் மேலே போயும் லீவு போடலப்பா. கரெக்டா மெசேஜ் படிக்கிறான்.'

ஆளாளுக்குச் சிரித்தார்கள். 'அங்கேயும் ஓவர்டைம் உண்டா?' என்று கேட்டார் அதே ஷிப்ட் குழந்தைவேல். அப்போதுதான் செங்குட்டுவன் எண்ணிலிருந்து சிரிக்கிற முகம் ஒன்று வந்து விழுந்தது.

குரூப் கப்சிப் என்று அடங்கிவிட்டது. சண்முகசுந்தரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல், அந்த எண்ணை குரூப்பிலிருந்து நீக்கினார். ஆள் இல்லையென்றால் ஷிப்ட் சார்ட்டில் பெயரை எடுத்துவிடுவதுதானே வழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினார். தன் வெட்கத்தை மூடிக்கொள்ள மனுஷனுக்குத்தான் எத்தனை அவசரம்!

"உனக்கு யார் சொன்னா?"

"அவதான். குறையாச் சொல்லல. 'ஒரு வார்த்த கேக்காம எடுத்துட்டாருக்கா'ன்னா, அவ்வளவுதான். நாளைக்கு குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுப் பண்ருட்டி போறா."

பிரவீன்குமார் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். மகன் தன்னைப் பார்க்காமல் இருந்ததுதான் அவரைச் சுட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த பிளாக்தான். வாசலில் பிரித்துப்போட்ட கட்டிலும் கயிறு கட்டிய பீரோவும் கிடந்தன.

"வாங்கண்ணே. நாற்காலியெல்லாம் கட்டிட்டேன். அந்த அரிசி டிரம்மு மேல உக்காருங்க, தாங்கும்."

உட்கார்ந்தார். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டார்.

"லாரி சொல்லியாச்சாம்மா?"

"சொல்லியாச்சுங்கண்ணே."

"அந்த குரூப்புல... நான் கிண்டல் பண்ணது தப்பும்மா. உன்னைத் தூக்கினது அதைவிடத் தப்பு."

மூட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த திலகவதி கையை நிறுத்தினாள்.

"கிண்டலுக்கென்னண்ணே? அவரு இருந்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பாரு. அவரு போனதுலேர்ந்து எல்லாரும் அழுத மொகமாவே பேசிகினு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் அவர உசுரோட இருக்கறவரு மாதிரி கேலி பண்ணீங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, போட்டேன். ஒடனே தூக்கிட்டீங்க. புருசன் போனவ சிரிக்கக் கூடாது போலன்னு நெனச்சிகினேன்."

சண்முகசுந்தரம் அந்த மூட்டை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தப்பு இன்னதென்று தெரிந்துகொண்டுதான் வந்ததாக நினைத்திருந்தார். அதில் பாதிகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"காலைல குரூப்புல 'பஸ் ஏறியாச்சு'ன்னு போடுவீங்களே, அத பாத்துகினுதான் அடுப்பு பத்தவெப்பேன்" என்றாள். "பழகிப்போச்சு."

"மறுபடி சேர்க்கட்டுமாம்மா?"

"அவரு பேரு அப்படியே இருக்கட்டுங்களாண்ணே?"

"இருக்கட்டும்மா."

அவர் சேர்த்ததும் துணி மூட்டைக்குள்ளிருந்து போன் 'டிங்' என்றது. "அய்ய, உள்ள வெச்சிக் கட்டிட்டேனே!" என்று சிரித்தபடி அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம், "எதையும் அழிக்க வேண்டாம்ப்பா. அம்மா பேரைப் போடு" என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் சந்திரகலா.

மறுபடியும் தலைகுனிவுதான். "போடலாமா கலா?"

"போடுங்க."

விடிந்ததும் ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்து, பலமுறை அழித்து எழுதினார். 'செங்குட்டுவன் நம்பர்ல தங்கச்சி திலகவதி இருக்காங்க. நம்ம பஸ் மெசேஜைப் பாத்துதான் அடுப்பு பத்தவைப்பாங்களாம். அன்னைக்குத் தூக்கினது என் தப்பு. நாளைக்கு நான் போனாலும் என் நம்பரைத் தூக்காதீங்க. என் வீட்டுக்காரி படிப்பா.' அதன் கீழே வழக்கம்போல, 'பஸ் ஏறியாச்சு.'

செங்குட்டுவன் எண்ணிலிருந்து சிரிக்கிற முகம் வந்தது. பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. சண்முகசுந்தரத்தால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

முன் சீட்டிலிருந்த குழந்தைவேல் திரும்பி அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஒற்றை விரலால் மெதுவாக எழுதி அனுப்பினார்:

'அடுப்பு பத்தவெச்சாச்சாம்மா?'